இரண்டு வாசல் வீடு

வேலாமணியின் வீட்டுக்கு இரண்டு வாசல்கள். மேல்வாசல் மேல் ரோட்டில் திறக்கும். கீழ்வாசல் மார்க்கெட்டுக்குப் போகும் சந்தில் திறக்கும். குன்னூரில் சரிவில் கட்டிய கட்டடங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரே வீட்டுக்குள் படிக்கட்டு வைத்து மேலும் கீழுமாக இரண்டு தளத்தை இணைத்திருந்தது எங்கள் கட்டடத்தில் அந்த ஒரு வீட்டில்தான். கட்டியவர் டூப்ளெக்ஸ் என்று பெருமையாகச் சொல்லி விற்றார். எங்களுக்கெல்லாம் அது படிக்கட்டு வீடு.

அந்தச் சந்தில் ஆள் மேல் ஆள் இடிக்காமல் நடக்க முடியாது. எதிரில் மலையாளி பேக்கரி, அதை ஒட்டி சேட்டின் அடகுக்கடை, நாலு எட்டு தள்ளிக் கறிக்கடை. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், கான்வென்ட் விட்டு இறங்கும் பிள்ளைகள், வெள்ளை முண்டு சுற்றிச் சாமான் வாங்க வரும் படுக அம்மாக்கள், சிலோனிலிருந்து வந்து எஸ்டேட்டுகளில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. ஐப்பசி மழையில் சந்து ஓடையாகிவிட்டால், வேலாமணி கீழ்வாசலைத் திறந்து வைப்பாள். கூடையோடும் குடையோடும் வருகிறவர்கள் அவள் வீட்டுக்குள் நுழைந்து, படியேறி, மேல்வாசல் வழியாக ரோட்டுக்குப் போய்விடுவார்கள். "செருப்ப மட்டும் கையில எடுத்துக்கங்க" என்று தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமலே சொல்வாள்.

கீழ்த்தளத்தின் முன்னறைதான் அவள் தையல் கடை. நானும் அதே கட்டடம். என் ரவிக்கைகள் எல்லாம் அவள் தைத்தவை. அளவெடுக்கும்போதும் பட்டன் கட்டும்போதும் அவள் சொன்னதையும், நானே கண்ணால் கண்டதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் பிறந்தது காரமடைப் பக்கம். கல்யாணமாகி மலையேறி வந்தாள். கணவர் ஆறுமுகசாமி, அரவேணுவில் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வெகுகாலம் ஃபேக்டரி கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் குடும்பம். மேனேஜர் மாறினால் குவார்ட்டர்ஸும் மாறும். ஒருமுறை மேனேஜரின் டிரைவருக்கு அறை வேண்டுமென்று, காய்ச்சலில் கிடந்த குழந்தையோடு பொழுது சாய்வதற்குள் காலி செய்யச் சொன்னார்களாம். அந்தக் குழந்தைதான் வேணி, அவர்களுடைய ஒரே மகள். "அன்னைக்கே முடிவு பண்ணீட்டனுங்க, நம்மள யாரும் எந்திரின்னு சொல்ல முடியாத எடமா ஒண்ணு வேணும்னு" என்பாள்.

தேயிலைக்கு நல்ல விலை இருந்த வருஷங்களில் மலை முழுக்கக் கட்டடம் எழுந்தது. அப்போதுதான் இந்த வீட்டையும் வாங்கினார்கள். காரமடையில் அப்பா அவளுக்கென்று விட்டுப்போன தென்னந்தோப்புப் பங்கை விற்றாள். மீதிக்கு ஆறுமுகசாமி ஃபேக்டரியில் கடன் போட்டார். பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தது.

அடுத்த ஓரிரு வருஷத்தில் விலை விழுந்தது. இலைக்குக் கிடைப்பது பறிக்கிற கூலிக்கே போதவில்லை. விவசாயிகள் மூட்டை மூட்டையாக இலையைக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டினார்கள். சிலர் பறிக்காமலே விட்டதில் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாக நின்றன. அரவேணு ஃபேக்டரி வாரத்தில் சில நாள் மட்டும் ஓடி, பிறகு ஒருநாள் கேட்டைச் சாத்திக்கொண்டது.

ஆறுமுகசாமி அதற்குப் பிறகும் காலையில் ஸ்வெட்டர் போட்டு, மஃப்ளர் சுற்றி, பஸ் ஸ்டாண்ட் வரை போய் நின்றுவிட்டு வருவார். தான் வேலைக்குப் போய்வந்த கோத்தகிரி பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பதை நானே கண்டிருக்கிறேன். மார்க்கெட்டும் படுத்துவிட்டது. தேயிலைக்காரன் கையில் காசு இல்லாவிட்டால் சேட்டுக்கும் இல்லை, பேக்கரிக்கும் இல்லை. வேலாமணிக்குப் புதுத்துணி தைக்க வருவது குறைந்து, பழையதைப் பிரித்துத் தைக்க வருவது கூடியது. அதையும் முகம் சுளிக்காமல் தைத்தாள்.

ஒருநாள் ஆறுமுகசாமி பேச்செடுத்தார். திருப்பூரில் அவருடைய பெரியப்பா மகன் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார். வந்தால் சூப்பர்வைசர் வேலை, வேணிக்கு ஆபீஸ் வேலை, இரண்டும் உறுதி என்று சொல்லியிருந்தார்.

"இந்த ஊட்டக் குடுத்துட்டுப் போயிரலாம்புள்ள. இங்க இருந்து என்ன பண்றது?"

"நீங்க போயி வேலையில சேருங்க. வேணியும் வேணும்னா வரட்டும். ஊட்ட விக்கற பேச்சு மட்டும் எங்கிட்ட எடுக்காதீங்க" என்றாள் வேலாமணி.

அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கணவர் தன் சொல்லை மதித்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். என்னிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்படவும் செய்தாள்.

இந்த நேரத்தில்தான் சில்வஸ்டர் வந்து போக ஆரம்பித்தார். தேயிலை ஏலத்துக்குச் சாம்பிள் தூள் கொண்டுபோகும் வேலையில் இருந்தவர். ஏலம் படுத்ததும் புரோக்கர் ஆகிவிட்டார். வாடகை வீடு, விற்கிற தோட்டம், பழைய ஜீப், கல்யாண வரன், எது கேட்டாலும் பையில் வைத்திருப்பார். சிரித்த முகம். வேதக்காரராக இருந்தாலும் ஜாதகப் பொருத்தம் பத்தையும் ஒப்பிப்பார்.

"அக்கா, நம்ம வேணிக்கு ஒரு எடம் வந்துருக்குங்க. கோத்தகிரிக்காரங்க. நல்ல குடும்பம். ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போறேங்கறாங்க. உங்க ஊட்டுக்காரருகிட்ட எல்லாம் பேசீட்டனுங்க."

வேலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. வேணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு வேலை இல்லாமல் அம்மாவுக்குப் பட்டன் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுவதும் வேலாமணி தையலை ஒதுக்கி வைத்துவிட்டாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். படிக்கட்டின் மரக் கைப்பிடியை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். குளியலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த வாஷரை ஆள் கூப்பிட்டு மாற்றினாள். ஒரு ரவிக்கைத் துணியை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மகளுக்குத் தைத்தாள். கட்டடத்தில் எல்லோரிடமும் சொன்னாள். பேக்கரிக்காரர் தட்டு இரவல் கொடுத்தார்; நான் என் பட்டுப்பாயைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூடுபனி இறங்கியிருந்தது. மேல் ரோட்டில் கார் வந்து நின்றது. ஒரு வயதான அம்மா, அவருடைய பெரிய மகன், மருமகள் வனிதா, கல்யாண வயதில் ஒரு சின்ன மகன் என்று நான்கு பேர் இறங்கினார்கள். வேலாமணி பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பிட்டு சுட்டு அடுக்கி வைத்திருந்தாள். வேணி தலை நிறையப் பூ வைத்து, நீலப் பட்டு கட்டி, காப்பித் தட்டோடு வந்தாள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வயதான அம்மா ஒருமுறை "நல்லாருக்கியா சாமி" என்று கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு அவர் கண் போனதெல்லாம் கூரையின் மூலைக்கு.

"மழைக்கு இங்க ஓதம் ஏறுமுங்களா?"

"அதெல்லாம் ஒரு பொட்டு ஏறாதுங்க" என்றாள் வேலாமணி. சம்பந்தம் பேச வந்தவர்கள் வீடு வாசலைத் துருவிப் பார்ப்பது வழக்கம்தானே.

"தண்ணி?"

"ஊரெல்லாம் தண்ணிக்கு அலையறப்பகூட நமக்குக் கொறையில்லீங்க. கீழ தொட்டி, மேல தொட்டி ரெண்டும் இருக்குது."

"கரண்டு மீட்டரு ஒண்ணா, ரெண்டுங்களா?" என்று பெரிய மகன் கேட்டார்.

"ரெண்டுங்க. கடைக்குத் தனி."

அவர் தலையாட்டிக்கொண்டு சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். வேலாமணிக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. நல்ல இடத்தில் பிறந்து வளர்ந்த பெண் என்று காட்ட வேண்டாமா? காலையில் வெயில் எந்த ஜன்னலில் விழும், மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனை பக்கம், பஸ் ஸ்டாண்ட் இறங்கினால் எட்டுகிற தூரம், அக்கம்பக்கத்தில் எந்தச் சாதி, எந்த மதமாக இருந்தாலும் ஒருத்தருக்கு ஒன்று என்றால் ஓடி வருவார்கள் என்றெல்லாம் வாய் ஓயாமல் சொன்னாள். ஆறுமுகசாமி காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்வஸ்டர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

பிறகு வனிதா படிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். வேலாமணி அவளைக் கீழே அழைத்துப் போனாள். நடுப்படியில் நின்று வனிதா கைப்பிடியைத் தடவினாள்.

"ஏனுங்க்கா, கேக்கறேனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. இத்தன ஆசையா வெச்சிருக்கற ஊட்ட எதுக்குங்க விக்கறீங்க?"

வேலாமணி ஒரு கணம் அவள் ஏதோ வேறு வீட்டைப் பற்றிக் கேட்கிறாள் என்றே நினைத்தாளாம். அப்புறம் மேலே நிமிர்ந்து பார்த்தாள். படியின் தலைப்பில் வேணி காலித் தட்டோடு நின்றிருந்தாள். வனிதா சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் அவள் முகத்தில் திகைப்பு இல்லை. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த ஒரு பார்வையிலதான் எனக்கு எல்லாம் வெளங்குச்சுங்க" என்று என்னிடம் சொன்னாள் வேலாமணி. "ஊட்டுக்காரரு மட்டும் பண்ணீருந்தா, செரி, ஆம்பள, பொழப்புப் போச்சு, ஏதோ பண்ணீட்டாருன்னு விட்டுருப்பேன். வேணி பூ வெச்சுக்க என்ற முன்னால குனிஞ்சு உக்காந்தா பாருங்க. தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கறா."

வனிதாவிடம் அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "அதெல்லாம் எங்கூட்டுக்காரருகிட்டக் கேட்டுக்கங்க" என்று சொல்லி, கீழறையையும் காட்டி, மேலே வந்து வயதான அம்மாவுக்கு இன்னொரு ஒப்பிட்டு வைத்தாள். போகும்போது வழக்கப்படி வெற்றிலைபாக்கும் கொடுத்தாள். கார் திரும்பிப் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"யாருக்கு வந்த ரோசனை இது?"

ஆறுமுகசாமி சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஊடு பாக்க வர்றாங்கன்னு சொன்னா நீ கதவத் தொறக்க மாட்டீன்னுதான்புள்ள. அவங்களுக்குப் புடிச்சு அட்வான்ஸும் வாங்கீட்டா, அப்பறம் மொள்ளமா உங்கிட்டச் சொல்லலாம்னு…"

"அந்தப் பையன்?"

"அவனுக்குக் கல்யாணமே நிச்சயம் ஆயிருச்சு. சும்மா கூட வந்தான். அவங்களுக்கு இது ஒண்ணுமே தெரியாது."

அவள் மகளைப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயே தெரியும்மா" என்றாள் வேணி. அழுதுகொண்டேதான் சொன்னாள். "இங்கயே கெடந்து நான் என்னம்மா பண்ணுவேன்? எங்கூடப் படிச்சதுக எல்லாம் கோயமுத்தூரு, திருப்பூருன்னு போயிருச்சுக. அப்பா தெனமும் பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கறத நீ பாக்கறதில்ல, நான் பாக்கறேன். நேரா கேட்டா நீ விட மாட்டே."

"நீ கேட்டுப் பாத்தியா கண்ணு? அப்பா கேட்டாரு, மாட்டேன்னேன். நீ ஒருக்காவாச்சும் என்ற மொகத்தப் பாத்துக் கேட்டியா?"

வேலாமணி அதற்கு மேல் சத்தம் போடவில்லை. கீழே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவளை வதைத்தது ஒன்றுதான். முன்பே தெரிந்திருந்தால், அந்த வீட்டைப் பற்றி வந்தவர்களிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லி மனசைக் கலைத்திருக்கலாம். ஓதம் ஏறும், தண்ணீர் வராது என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் வாயாலேயே அதன் நல்லதை எல்லாம் எடுத்துச் சொல்ல வைத்துவிட்டார்கள். அவளே விற்றுக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் போட்ட கணக்கும் அதுதான்.

மறுநாள் விடிந்ததும் சந்து முழுக்க விசாரித்தது. பேக்கரிக்காரர், "பையன் வீட்டுக்காரங்க என்ன பறஞ்சு சேச்சி?" என்றார். கறிக்கடைக்காரர் மனைவி, இனிப்பு எப்போது என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லியிருப்பார்கள். வேலாமணி சொல்லவில்லை.

"பொண்ணு பாக்க வரலீங்க. ஊடு பாக்க வந்தாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியாது."

கேட்ட ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னாள். என்னிடமும் பட்டுப்பாயைத் திருப்பிக் கொடுத்தபடி இதைத்தான் சொன்னாள். ஆறுமுகசாமி சில நாள் மேல்வாசல் வழியாக மட்டும் போய் வந்தார். வேணி வெளியிலேயே வரவில்லை. சில்வஸ்டர் ஒருமுறை, "அக்கா, உங்க நல்லதுக்குத்தானுங்க" என்று சந்தில் நின்று ஆரம்பித்தார். "சில்வஸ்டரு, எனக்கு நல்லது பண்றதுன்னா எங்கிட்டச் சொல்லீட்டுப் பண்ணு" என்றாள். அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அவள் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது. மாட்டேன் என்று நின்றுவிடுவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவளும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்திருந்தாள். பிறகு ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுக் கோத்தகிரி பஸ் ஏறினாள். விசாரித்து வனிதாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சு வந்தீங்களோ, தெரியாம வந்தீங்களோ, அத நேருல கேக்கணும்னுதான் வந்தேன்" என்றாள்.

நடந்ததைக் கேட்ட வனிதா பதறிப்போனாள். "அய்யோ அக்கா, அதுக்கா அத்தன பலகாரம் பண்ணீருந்தீங்க? நாங்க எங்க போனாலும் காப்பிதான் தருவாங்க. இந்த ஊட்டுல இவ்வளவு உபசாரமான்னு கார்ல பேசீட்டே வந்தமுங்க." பிறகு தயங்கிச் சொன்னாள். "உங்களுக்கு இஷ்டமில்லீன்னா வேண்டாமுங்க. நாங்க வேற பாத்துக்கறோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் வேலாமணி யோசித்தாள். மறுத்துவிடலாம். மறுத்தால் வீடு நிற்கும். அந்த வீட்டுக்குள் பொய் சொன்ன இரண்டு பேரோடு, அவர்கள் பிழைப்பைக் கெடுத்தவள் என்ற பெயரோடு குடியிருக்க வேண்டும். "கைப்பிடியத் தொடைக்கறப்பெல்லாம் இதுதான நெனப்பு வரும்? அப்பறம் அந்த ஊடு எனக்கு எதுக்குங்க?" என்றாள் என்னிடம்.

அடுத்த வாரம் மறுபடியும் போய் வனிதாவிடம் பேசினாள். கையெழுத்துப் போடுகிறேன். கீழ் முன்னறையை மட்டும், அதை ஒட்டிய சின்ன அடுப்படியோடு எனக்கு வாடகைக்குக் கொடுங்கள் என்றாள். மேல்வீட்டைச் சீசனுக்கு வரும் டூரிஸ்ட்களுக்கு விடுவதாகத்தான் அவர்கள் எண்ணம். கீழே நம்பகமான ஆள் இருப்பது நல்லதென்று வனிதாவின் மாமியாரும் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னாள். "கையெழுத்துப் போடறேன். ஆனா நான் திருப்பூரு வரல. முன்ரூம்புலயே வாடகைக்கு இருந்துக்கறேன். உங்கள மாதிரி நான் ஒளிச்சு வெக்கல, முன்னாலயே சொல்லிப்போட்டேன்."

அவர்கள் அதை நம்பவில்லை. கோபத்தில் சொல்கிறாள், சாமான் ஏற்றும்போது தானாக வந்து ஏறிவிடுவாள் என்று நினைத்தார்கள். பத்திரம் பதிந்த அன்றும் ஆறுமுகசாமி திருப்பூரில் பார்த்து வைத்த வீட்டைப் பற்றி, அங்கே மெஷின் போட எவ்வளவு வெளிச்சமான இடம் இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாராம்.

லாரி வந்த நாளில் மேல் ரோட்டில் கட்டில், பீரோ, பாத்திரமெல்லாம் ஏறின. தையல் மெஷினைத் தூக்கக் கீழே போன ஆட்களை வேலாமணி திருப்பி அனுப்பினாள். ஆறுமுகசாமி இறங்கி வந்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னால், "வா புள்ள, ஊரு பாக்குது" என்றார்.

"பாக்கட்டுங்க. ஊருக்குத்தான் மொதல்லயே எல்லாம் தெரியுமே."

வேணி லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வேலாமணி போய் அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்து, பர்லியாறு வளைவுகளில் வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழம் ஒன்றையும் கையில் வைத்தாள். லாரி போனதும் உள்ளே வந்தாள். அந்த மாசக் கடைசியில் கொத்தனார் வந்து, மேல்வீட்டுக்கு வழி இல்லாதபடி படிக்கட்டின் அடியில் சுவர் எழுப்பினார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தது அவள்தான்.

இலை விலை அப்புறம் ஏறியது, மறுபடி இறங்கியது. அரவேணு ஃபேக்டரி திறக்கவே இல்லை. திருப்பூரில் ஆறுமுகசாமிக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைக்கவில்லை. குடோனில் செக்கிங் வேலைதான். மாசம் ஒருமுறை வருவார். கடையில் வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். சில நாள் "வந்துரு புள்ள" என்பார். அவள், "மஃப்ளரு எங்க, மறந்துட்டு வந்தீங்களா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவர்மேல் பெரிய கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய மரியாதையும் இல்லை.

வேணிக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணமும் ஆனது. பையன் வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தபோது வேலாமணி சில்லறை எண்ணிக்கொண்டு பேக்கரி போனில் பையனுடைய தாயாரையே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம நீங்க எங்க ஊட்டுக்கு வர்றது எதுக்குங்க?" என்று கேட்டாளாம். அந்த அம்மா குழம்பிப்போய், பெண் பார்க்கத்தான் என்று சொன்ன பிறகே வேலாமணி திருப்பூருக்குப் பஸ் ஏறினாள்.

வேணியின் பிரசவத்துக்குப் போய்க் கூடவே இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டாள், பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று வேணி கேட்டாளாம்.

"இன்னும் எம்மேல கோவமா இருக்கறியாம்மா?"

"கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு சாமி. நீ ஏதாச்சும் சொன்னா மட்டும், அது நெசந்தானான்னு இன்னொருத்தர்கிட்டக் கேட்டுக்கணும்னு தோணுது. அது போக மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

வேணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தாளாம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வேலாமணி பையை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவி, என்னுடைய இரண்டு ரவிக்கைகளை வெட்ட எடுத்தாள். மேலே டூரிஸ்ட் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற சத்தம் கேட்டது. "கை கொஞ்சம் நீளமா வெக்கட்டுங்களா, குளிருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.